குரல் போதுமா, முகமும் வேண்டுமா?

“சாப்பிட்டியாப்பா?” என்று கேட்க முக்கால் விநாடி போதும். சென்னையில் இருக்கும் ஒரு தாய், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இணைய அழைப்பில் இதைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முக்கால் விநாடியை அவர் கையிலுள்ள செல்போன் இருபது இருபது மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்குகிறது. நாற்பதுக்குச் சற்றுக் குறைவான துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பொட்டலமாகக் கட்டப்பட்டுத் தனித்தனியே கிளம்புகிறது. நல்ல தரத்தில் பேசும்போது ஒரு பொட்டலத்துக்குள் இருக்கும் பேச்சு ஏறத்தாழ 60 பைட். அதன்மேல் ஒட்டும் முகவரி, வரிசை எண், நேரக்குறிப்பு எல்லாம் சேர்ந்து 40 பைட். விநாடிக்கு 50 பொட்டலம் என்று கணக்கிட்டால் ஒரு திசையில் விநாடிக்கு 40 கிலோபிட். இருவரும் ஒரு மணி நேரம் பேசினாலும் போகவர 36 மெகாபைட்டில் முடிந்துவிடும்.

அதே தாய் பக்கத்திலிருக்கும் கேமரா பொத்தானைத் தொட்டிருந்தால் கணக்கே வேறு. 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் கொண்ட சுமாரான படத்தை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 30 படம். சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 11 கோடி பிட் ஆகும். செல்போன் அதை இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்கி, விநாடிக்கு ஐந்து லட்சம் பிட் அளவுக்குக் கொண்டுவருகிறது. அப்படியும் ஒரு மணி நேரத்துக்குப் போகவர 450 மெகாபைட். குரலைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

இரண்டு பொத்தான்களும் திரையில் ஒரே அளவில் அருகருகே இருப்பதால், ஒன்று சாதாரணம், மற்றது உசத்தி என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது. வீடியோவில் கூப்பிட்டால்தான் பாசம், வெறும் குரல் என்றால் கடமைக்குப் பேசுவது என்று சில குடும்பங்களில் மனத்தாங்கல்கூட உண்டு. இது சரிசெய்ய வேண்டிய எண்ணம். குரலுக்கும் படத்துக்கும் பிறப்பு வேறு, பழுதாகும் விதம் வேறு, மூளை அவற்றை வாங்கிக்கொள்ளும் விதமும் வேறு. எதை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாடுகளில்தான் இருக்கிறது.

குரல் இவ்வளவு சிறிதாக மடிவதற்குக் காரணம் மனிதத் தொண்டை. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. 1972-ல் வந்த ஜி.711 தரம் அந்த ஒலியை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதியது. ஆக 64 கிலோபிட். மனிதர் பேசினாலும் நாய் குரைத்தாலும் மிக்சி ஓடினாலும் அதே 64 கிலோபிட்தான். வருவது பேச்சு என்ற அறிவு அந்த முறைக்குக் கிடையாது.

அந்த அறிவைப் புகட்டியவர்களில் முக்கியமானவர் பிஷ்ணு அடல். கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர். ஒலியலையை அப்படியே அனுப்பாமல், அதை உண்டாக்கிய வாயின் வடிவத்தை அனுப்புவது என்ற வழியை அவரும் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் வளர்த்தெடுத்தார்கள். ஜப்பானில் ஃபுமிடாடா இடாகுராவும் தனியே இதே திசையில் நடந்தார். குரல்வளை அதிர்கிறது, தொண்டை, நாக்கு, உதடு சேர்ந்த குழாய் அந்த அதிர்வுக்கு உருவம் கொடுக்கிறது. ஒலி விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிக்கலாம். நாக்கோ சதை, அவ்வளவு வேகமாக நகர அதனால் முடியாது. இருபது மில்லி விநாடிக்குள் வாயின் வடிவம் பெரிதாக மாறுவதில்லை. அந்த வடிவத்தைச் சில எண்களில் சொல்லிவிட்டால், எதிர்முனையில் இருக்கும் கருவி குரலைத் திரும்ப உருவாக்கிவிடும்.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் டேனி கோஹன் முதலானோர் 1974-லேயே குரலைப் பொட்டலமாக்கிப் பேசிப் பார்த்தார்கள். அன்றைய குறுகலான இணைப்புக்குள் குரலை நுழைய வைத்தது இந்த வாய்வடிவக் கணக்குதான். இன்று பெரும்பாலான இணைய அழைப்புகளுக்கு அடிப்படையான ‘ஓபஸ்’ முறை 2012-ல் தரமாக்கப்பட்டது. பேச்சுக்கென ஸ்கைப் உருவாக்கிய ஒரு முறையையும் இசைக்கென உருவான இன்னொன்றையும் இணைத்தது அது. விநாடிக்கு 6 கிலோபிட்டில் தொடங்கி 510 கிலோபிட் வரை நிலைமைக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். 2021-ல் கூகுள் வெளியிட்ட ‘லைரா’ நரம்பணு வலைப்பின்னலின் துணையோடு 3 கிலோபிட்டில் பேச்சைக் கடத்துகிறது.

படத்துக்கு இப்படி ஒரு தொண்டை கிடையாது. கேமராவின் முன்னால் முகம் வரலாம், சுழலும் மின்விசிறி வரலாம், ஜன்னல் திரை ஆடலாம், குறுக்கே ஒரு குழந்தை ஓடலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுவான உபாயம் வேண்டும். அதில் முதல் பாதியைத் தந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. ஒரு படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒளி மெதுவாக மாறும் பகுதியையும் நுணுக்கமாக மாறும் பகுதியையும் பிரித்து எழுதலாம். கண் கவனிக்காத நுணுக்கங்களைத் துணிந்து தூக்கி எறியலாம் என்பது அவர் சொன்ன கொசைன் உருமாற்றத்தின் பயன். 1972-ல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் இந்த ஆய்வுக்கு நிதி கேட்டார், கிடைக்கவில்லை. வேலையை விடாமல் தொடர்ந்து, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். செல்போன் புகைப்படமும் வீடியோ அழைப்பும் இன்று அந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கின்றன. பொறியியல் மாணவர்கள் அல்லாதாருக்கு இந்த மூவரின் பெயரும் தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

மற்றப் பாதி, மாற்றத்தை மட்டும் அனுப்புவது. பேசுபவரின் பின்னாலிருக்கும் சுவர் நகர்வதில்லை. அதை விநாடிக்கு முப்பது முறை அனுப்புவானேன்? ஒரு முழுப்படம் போகும். அதன்பின், எந்தச் சதுரம் எங்கே நகர்ந்தது, எது புதிதாக வந்தது என்ற குறிப்புகள் மட்டும் போகும். சிக்கனம் பெரிது, ஆபத்தும் பெரிது. கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் அதை நம்பி இழுத்த கோடுகள் எல்லாம் கோணுவதைப்போல, நடுவில் ஒரு குறிப்பு தொலைந்தால் அதற்குப் பிறகு வரும் படங்கள் எல்லாம் கெடும். அடுத்த முழுப்படம் வரும்வரை திரையில் கட்டம் கட்டமாக முகம் உருகும், அல்லது உறைந்து நிற்கும். முழுப்படமோ கனமானது, இணைப்பு மோசமாக இருக்கும் நேரத்தில்தான் அது தேவைப்படுகிறது, அதே நேரத்தில்தான் அது வந்து சேரச் சிரமப்படுகிறது.

செல்போனைக் கையில் பிடித்து நடந்துகொண்டே வீடியோவில் பேசுபவர் இந்த ஏற்பாட்டையே குலைத்துவிடுகிறார். சுவரும் நகர்கிறது, மரமும் நகர்கிறது, எல்லாமே மாற்றம். அதே இணைப்பில் போனை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பேசினாலே படம் தெளிவதற்குக் காரணம் இதுதான்.

குரலில் ஒரு பொட்டலம் தொலைந்தால் இழப்பு இருபது மில்லி விநாடி. அதற்கு முந்தைய துண்டின் வாய்வடிவத்தைக் கொண்டே கருவி அந்த இடைவெளியை இட்டு நிரப்பிவிடும். கேட்பவர் பெரும்பாலும் உணர்வதே இல்லை. இதனால்தான் இணைப்பு இறுகும்போது அழைப்புச் செயலிகள் முதலில் படத்தின் தெளிவைக் குறைக்கின்றன, பிறகு படத்தையே நிறுத்துகின்றன, குரலைக் கடைசிவரை காப்பாற்றப் பார்க்கின்றன. உரையாடல் எதன்மேல் நிற்கிறது என்பதில் அவற்றை உருவாக்கிய பொறியாளர்களுக்குச் சந்தேகமில்லை.

இனி தாமதம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் கடலடியில் போடப்பட்ட ‘ஐ-டு-ஐ’ கேபிளின் நீளம் சுமார் 3200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கடலைக் கடக்க 16 மில்லி விநாடி போதும். ஒரு துண்டுப் பேச்சைச் சேகரிக்கவே செல்போனுக்கு இருபது மில்லி விநாடி வேண்டும். சுருக்குவதற்கு, டவரில் முறை வரக் காத்திருப்பதற்கு, முன்பின்னாக வந்துசேரும் பொட்டலங்களை எதிர்முனையில் வரிசைப்படுத்த நிறுத்திவைப்பதற்கு என்று மேலும் மேலும் நேரம் கூடுகிறது. வங்காள விரிகுடாவைத் தாண்டுவதைவிட இரு முனைகளிலும் உள்ள சில்லுகளையும் டவர்களையும் தாண்டுவதற்கே அதிக நேரம் ஆகிறது.

எவ்வளவு தாமதத்தை மனிதர் தாங்குவர்? மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த டான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009-ல் பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை அளந்து பார்த்தனர். ஜப்பானியர் சட்டென்று பதில் சொல்கிறார்கள், டேனிஷ் பேசுவோர் சற்று நிதானிக்கிறார்கள். ஆனால் எல்லா மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதிலைத் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. கண் இமைக்கும் நேரம்தான். இந்தத் தாளத்தை அடிப்படையாக வைத்துப் பார்த்தால், ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்திருப்பதன் அருமை புரியும். 400-ஐத் தாண்டக்கூடாது என்பது அதன் வெளி எல்லை.

தாண்டினால் கெடுவது தரம் மட்டுமல்ல, உறவும்தான். பெர்லினில் காத்ரின் ஷோனன்பெர்க், அலெக்சாண்டர் ராகே முதலானோர் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. இணைப்பில் தாமதம் கூட்டப்பட்டபோது, பேசியவர்கள் குற்றத்தை இணைப்பின் மேல் போடவில்லை. எதிர்முனையில் இருப்பவர் அக்கறை குறைந்தவர், கவனம் இல்லாதவர் என்று மதிப்பிட்டார்கள். ‘கேட்டதற்குப் பதில் சொல்ல யோசிக்கிறானே’ என்று ஊரில் இருப்பவர் வருந்தும்போது, மகன் யோசிக்கவே இல்லாமல் இருக்கலாம்; அவன் பதில் ஏதோ ஒரு டவரில் முறைக்குக் காத்திருக்கலாம்.

வீடியோ இந்தத் தாமதத்தைக் கூட்டவே செய்யும். படத்தைச் சுருக்கி விரிக்கக் குரலைவிட அதிக நேரம் ஆகிறது. உதட்டசைவும் ஒலியும் பொருந்தாவிட்டால் மூளை குழம்பும் என்பதால், முந்தி வந்த குரலைச் செயலிகள் படத்துக்காகக் காக்க வைப்பதுண்டு. உதடும் ஒலியும் எவ்வளவு இறுகப் பிணைந்தவை என்பதை 1976-லேயே ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் காட்டினார்கள்: ‘ப’ என்ற ஒலியோடு ‘க’ சொல்லும் உதட்டைக் காட்டினால் பலரும் கேட்பது ‘த’-வுக்கு நெருக்கமான மூன்றாவது ஓர் ஒலி.

கையடக்கக் கருவி என்பதால் இன்னொரு சங்கடம். டவர் பல பத்து வாட் ஆற்றலில் முழங்கும். செல்போன் அதிகபட்சம் கால் வாட்டுக்கும் குறைவாக, சுமார் 200 மில்லி வாட்டில் பதில் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, இந்தியாவில் 4ஜி-க்குப் பயன்படும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புவதும் பெறுவதும் நேரம் பிரித்து நடக்கின்றன. பெரும்பங்கு பெறுவதற்கே ஒதுக்கப்படுகிறது. சினிமா பார்ப்பதற்கு அது சரி. வீடியோ அழைப்பில் அனுப்புவதும் பெறுவதும் சமம். ‘நீ எனக்கு நன்றாகத் தெரிகிறாய், என்னை உனக்குத் தெரியவில்லையா?’ என்ற அன்றாடப் புலம்பலின் வேர் இங்கேதான். குரல் அழைப்பில் போனைக் காதில் வைத்ததும் காதருகே உள்ள உணரி திரையை அணைத்துவிடுகிறது. வீடியோவில் திரை, கேமரா, சுருக்கும் சில்லு, அலைபரப்பி நான்கும் ஓயாமல் ஓடும். பேட்டரி கரைவதும் போன் சுடுவதும் அதனால்.

இணையம் வழியாகப் பேசுவதிலும் இரண்டு தரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு பரவிய வோல்ட்டி அழைப்பும் பொட்டலங்களாகத்தான் போகிறது. ஆனால் 4ஜி விதிகள் அந்தப் பொட்டலங்களுக்கு முன்னுரிமை தருகின்றன: 100 மில்லி விநாடிக்குள் கடத்த முயல வேண்டும். வாட்ஸ்அப் போன்ற செயலியில் கூப்பிட்டால் அந்தப் பொட்டலம் பாட்டு, படம், பதிவிறக்கம் எல்லாவற்றோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. தேர்த் திருவிழாவன்று ஊரே ஒரு டவரில் தொங்கும்போது, செயலியைவிடச் சாதாரண அழைப்பு தேறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

சில இடங்களில் தேர்வே கையில் இருக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற செயலிகள் வழியாகத்தான் இணைய அழைப்புக்கு அனுமதி. அங்கே வேலை செய்யும் பல்லாயிரம் தமிழர்கள் வாட்ஸ்அப்பில் செய்தியும் குரல்பதிவும் அனுப்புவார்கள். பேசுவதற்கு ‘போட்டிம்’ போன்ற செயலிகளை நாடுவார்கள். நேரலை கிடைக்காதபோது ஒரு நிமிடக் குரல்பதிவு எவ்வளவு பெரிய வரம் என்று அவர்களின் வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

முகம் தெரியும் தொலைபேசிக்கு மக்கள் ஏங்கினார்கள் என்பது முழு உண்மையில்லை. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘பிக்சர்ஃபோன்’ கருவியைக் காட்டியது. அதே ஆண்டு நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் கூண்டு வைத்துச் சேவை தொடங்கியது. மூன்று நிமிடத்துக்குக் குறைந்தபட்சம் 16 டாலர். 1970-ல் பிட்ஸ்பர்க் நகரில் அலுவலகங்களுக்கு மாதம் 160 டாலருக்கு இணைப்புத் தந்தது. வாடிக்கையாளர் எண்ணிக்கை சில நூறுகளைத் தாண்டவில்லை. விலை ஒரு காரணம். எதிர்முனையிலும் அதே கருவி வேண்டும் என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை அதே காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அல்போன்ஸ் சாபனிஸ் தம் சோதனைகளில் கண்டார். தூரத்திலிருந்து இருவர் சேர்ந்து ஒரு வேலையைத் தீர்க்கும்போது, எழுத்துக்குப் பதில் குரல் கிடைத்ததும் வேகம் பாய்ச்சலாகக் கூடியது. குரலோடு முகத்தையும் சேர்த்தபோது கூடியது மிகக் குறைவு.

அரை நூற்றாண்டு கழித்து வந்த ஆய்வுகள் இதையே வேறு வேறு கோணங்களில் உறுதிப்படுத்துகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிராஸ் 2017-ல் ஐந்து சோதனைகளில் 1,772 பேரை ஆராய்ந்தார். ஒருவரின் உணர்ச்சியைச் சரியாக ஊகிப்பதில், முகத்தையும் பார்த்துக் குரலையும் கேட்டவர்களைவிடக் குரலை மட்டும் கேட்டவர்கள் தேறினார்கள். முகத்தை மனிதர் அடக்கப் பழகியிருக்கிறார்கள்; கண்ணும் காதும் ஒரே நேரத்தில் உழைக்கும்போது காதுக்குக் கிடைக்கும் கவனம் குறைகிறது. ‘நல்லா இருக்கேன்மா’ என்று சிரித்த முகத்தோடு சொல்லும் மகளின் தொண்டை கம்முவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் தாய் எளிதில் பிடித்துவிடுவார்.

2021-ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் கண்டது இன்னும் நேரடியானது. எழுத்தைவிடக் குரல் மனிதரை நெருக்கமாக்கியது. குரலோடு படமும் சேர்ந்ததால் அந்த நெருக்கம் மேலும் கூடவில்லை. அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு 198 பேரை இருவர் இருவராகப் பிரித்துப் புதிர்களைத் தீர்க்க விட்டது. படமில்லாமல் பேசிய இணைகளில் குரல்களின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று இசைந்தது, பேசும் வாய்ப்பும் சமமாகப் பகிரப்பட்டது. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் வீடியோ அழைப்புக் களைப்புக்குச் சொன்ன காரணங்களில் இரண்டு செல்போனுக்கு அப்படியே பொருந்தும்: ஓயாமல் தன் முகத்தையே பார்க்க நேர்வது, கேமராவின் சட்டத்துக்குள் உடல் கட்டுண்டு கிடப்பது. குரலில் பேசுபவர் நடக்கலாம், மொட்டை மாடிக்குப் போகலாம், காய் நறுக்கலாம். மனம் திறக்கும் பேச்சு பெரும்பாலும் அப்படி நடக்கும்போதுதான் வருகிறது.

முகத்தைப் பார்த்தால் நம்பலாம் என்ற பழைய ஆறுதலும் போய்விட்டது. அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவர், நிதித்துறை மேலதிகாரியும் சக ஊழியர்களும் கலந்துகொண்டதாகத் தெரிந்த ஒரு வீடியோ கூட்டத்தை நம்பி, பதினைந்து தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். திரையில் இருந்த முகங்கள் கணினி செய்த போலிகள். செய்தி 2024-ல் வெளியானது. இந்தியாவில் ‘டிஜிட்டல் கைது’ மோசடிக்காரர்கள் போலீஸ் சீருடையோடு வீடியோவில் வந்து, அழைப்பைத் துண்டிக்கவே விடாமல் மணிக்கணக்கில் மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் சொல்ல வேண்டியிருந்தது. குரலையும் இன்று போலி செய்ய முடியும். வந்த அழைப்பை வைத்துவிட்டு, முன்பே தெரிந்த எண்ணுக்குத் தானே திரும்ப அழைப்பது இரண்டுக்கும் பொதுவான காப்பு; மிரட்டல் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது.

கண்ணுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே குரல் போதவே போதாது. முதலில் சொல்ல வேண்டியது செவித்திறன் குறைந்தோரை. சைகை மொழியில் கை, விரல், புருவம், வாய் எல்லாமே இலக்கணம். அதற்கு விநாடிக்கு 20 படமாவது வேண்டும், 25 இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999-லேயே எழுதிவைத்தது. வேகமான இணைப்பு அரிதாக இருந்த காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ‘மொபைல் ஏஎஸ்எல்’ திட்டம் ஒரு நல்ல வழியைக் கண்டது: கிடைக்கும் பிட்டுகளைப் படம் முழுக்கச் சமமாகத் தெளிக்காமல், முகத்துக்கும் கைகளுக்கும் அள்ளிக் கொடுப்பது. செவித்திறன் உள்ளோருக்கும் இரைச்சலில் உதடு உதவும். வில்லியம் சம்பியும் இர்வின் போலக்கும் 1954-ல் காட்டியபடி, சத்தம் கூடக் கூட முகம் பார்ப்பதன் பலனும் கூடுகிறது. காது மந்தமான தாத்தாவிடம் பேசும்போது வீடியோவை இயக்கி, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருவது அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

அடுத்து, மழலைகள். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் பதிவுசெய்த வீடியோவிலிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்கவில்லை. நேரலை வீடியோவில் ஒருவர் தங்களுக்குப் பதில் சொல்லிப் பேசியபோது, நேரில் கற்பதைப் போலவே கற்றார்கள் என்று சாரா ரோஸ்பெரி குழுவினரின் 2014 ஆய்வு சொல்கிறது. ஒன்றரை வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று 2016-ல் அறிவுறுத்திய அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குத் தந்தது. அயல்நாட்டுப் பேரனை ‘தாத்தா எங்கே?’ என்று கேட்டுச் சிரிக்க வைக்கும் பாட்டிகளுக்கு எந்த ஆய்வும் தேவைப்பட்டிருக்காது. பார்வையற்ற ஒருவர் கேமராவைத் திருப்பிக் காட்ட, எங்கோ இருக்கும் தன்னார்வலர் மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லும் ‘பீ மை ஐஸ்’ செயலி, டென்மார்க்கில் தொடங்கி 2015 முதல் இயங்குகிறது. அதில் ஒருவருக்குக் குரல், மற்றவருக்குப் படம்.

மருத்துவத்தில் எல்லை இன்னும் கவனமாக வகுக்கப்பட்டிருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வீடியோ, குரல், எழுத்து மூன்றையும் ஏற்கின்றன. ஆனால் ‘ஏ’ பட்டியலில் உள்ள மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுதித்தர வேண்டுமானால் அது வீடியோவாக இருக்க வேண்டும். பக்கவாதத்தில் வாய் கோணுவதையும் கை தாழ்வதையும் குரலில் காண முடியாது. மூச்சிரைப்பை வீடியோவில் எண்ணலாம். சர்க்கரை அளவைச் சொல்லி மாத்திரையை மாற்றிக் கேட்பதற்கோ குரலே அதிகம்.

புண், தடிப்பு, கண் சிவப்பு போன்றவற்றில் பலரும் கவனிக்காத மூன்றாம் வழி ஒன்று இருக்கிறது. வீடியோ அழைப்பின் ஒரு படத்தில் இருப்பது மூன்று லட்சம் புள்ளி. அதே செல்போனின் கேமரா எடுக்கும் 12 மெகாபிக்சல் புகைப்படத்தில் 1 கோடியே 20 லட்சம், அதாவது நாற்பது மடங்கு. புகைப்படத்துக்கு அவசரமும் இல்லை. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பத்து விநாடி தாமதமானால் ஒன்றும் கெடாது. தேனிப் பகுதியில் 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமக் கண் மையங்களை எரிக் புரூவரின் பெர்க்லி ஆய்வுக்குழு நீள்தூர வைஃபை மூலம் இணைத்தபோது, மருத்துவரும் நோயாளியும் வீடியோவில் நேருக்கு நேர் பேசினார்கள். அதற்கு முன் பயிற்சி பெற்ற ஊழியர் மையத்திலேயே கண்ணைச் சோதித்து, அளவுகளையும் படங்களையும் எடுத்து வைத்தார். பேசுவது ஒரு வழி, பார்ப்பது இன்னொரு வழி என்று பிரித்த அந்தப் பழக்கம் எந்தச் செல்போனிலும் சாத்தியம். குரலில் மருத்துவரிடம் பேசிக்கொண்டே அழைப்புத் திரையைச் சிறிதாக்கிவிட்டு, புண்ணின் பக்கத்தில் அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒன்று அருகிலிருந்தும் ஒன்று தள்ளியும் எடுத்து, ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து அனுப்பினால் செயலி படத்தைச் சுருக்காது. மருத்துவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபடியே கேள்வியைத் தொடரலாம்.